தர்மபுரி லேத் பட்டறை: அளந்து பார்த்த பிறகுதான் விலை சொன்னார்

பாலக்கோடு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. களைக்கு வைத்திருக்கும் 7 எச்பி பவர் வீடர் ஆடி மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டொக் டொக் என்று அடித்து நின்றுவிட்டது, கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. முதலில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு போய்விட்டது என்று புதுசு போட்டு, கிராங்க்கை (இன்ஜினுக்குள் சுழலும் தண்டு) உப்புத்தாளால் தேய்த்து மாட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அதே சத்தம்.

அப்புறம்தான் பென்னாகரம் ரோட்டில் இருக்கும் இந்தப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெரியவர் ஒருவரும் அவர் மகனும் பார்க்கிறார்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "பிரிச்சு அளக்காம எப்படி தம்பி சொல்றது" என்றார். பிரித்து, கிராங்க்கில் ராடு உட்காரும் 'பின்' (pin) என்ற உருளைப் பகுதியில் மைக்ரோமீட்டர் வைத்து ஒரு அளவு, 90 டிகிரி திருப்பி இன்னொரு அளவு எடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டுக்கும் 0.11 மில்லிமீட்டர் வித்தியாசம். பின் முட்டை மாதிரி ஆகியிருக்கிறது, கையால் தேய்த்தால் பளபளப்பு வரும், வட்டம் வராது, அதனால்தான் புது ராடும் போனது என்றார். இந்தச் சின்ன இன்ஜினில் ராடுக்கும் பின்னுக்கும் நடுவில் தனியாக பேரிங் கிடையாது, அலுமினிய ராடே நேராக இரும்பு மேல் ஓடுகிறது, நடுவில் இருக்கும் ஆயில்தான் காப்பாற்றுகிறது. பின் மேல் ராடின் அலுமினியம் மட்டும் ஒட்டியிருந்து, அதன் அடியில் பின் கீறாமல் இருந்தால் சுத்தம் செய்து அதே கிராங்க்கை ஓட்டலாமாம். என்னுடையது அந்த நிலையைத் தாண்டிவிட்டது.

கிரைண்டிங் செய்ய முடியாதா என்றேன். பின்னைக் குறைத்தால் அதற்கேற்ற சின்ன அளவு ராடு வேண்டும், இந்த மாடலுக்கு அது கடையில் கிடைக்கவில்லை. வெல்டிங் வைத்துக் கடையலாம்தான், ஆனால் அந்தச் சூட்டில் கிராங்க் வளையும், அதற்கு ஆகும் கூலிக்குப் புதுசே வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். லேத் வைத்திருப்பவர், எனக்குத் தெரியாத விஷயம், நினைத்திருந்தால் அந்தக் கூலியை வாங்கியிருக்கலாம். இதற்காகவே இந்தப் பட்டறையை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிராங்க், ராடு, ரிங் செட், ஆயில் சீல், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். சாமான் கோயம்புத்தூரில் இருந்து வர வேண்டும் என்பதால் 11 நாள் ஆனது. போன் செய்தால் எடுப்பதில்லை, இரண்டு முறை நேரில் போய்த்தான் கேட்டேன், களை ஏறும் நேரத்தில் இது கஷ்டம், அவசரத்துக்கு ஆகாது.

மாட்டும்போது கூடவே நின்றேன். இன்ஜின் கூட்டின் மூலைமுடுக்கில் ஒட்டியிருந்த அலுமினியத் துகளை மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று முறை கழுவினார், கிராங்க் பல்சக்கரத்துப் புள்ளியையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் பல்சக்கரத்துப் புள்ளியையும் நேராக வைத்துக் காட்டினார். நிலம் சரிவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டிதான் ஆயிலை வாரி அடிக்கிறது, மொத்தமே அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அளவு குறைந்த வண்டியைச் சரிவில் ஓட்டினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிக் கரண்டிக்கு எட்டாது என்று விளக்கினார். இப்போது தினமும் சமதரையில் நிறுத்தி ஆயில் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.

20 மணி நேரம் ஓடியதும் முதல் ஆயில் மாற்ற வரச் சொன்னார். போனேன். பழைய ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், மின்னுகிற துகள் ஒன்றும் இல்லை. ஆயிலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.