காம்பவுண்ட் வில்லா, கிராஸ்போவா? டெக்சாஸ் பொதுக்காட்டில் மானுக்கும் பன்றிக்கும்

ஹூஸ்டனுக்கு வடக்கே சாம் ஹூஸ்டன் தேசிய வனத்தில் அம்பு வேட்டைக்குப் போகிறேன் என்று சொன்னால் நண்பர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "இதெல்லாம் சட்டப்படி செல்லுமா?" என்பது முதல் கேள்வி. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடைபட்டிருப்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். டெக்சாஸில் செல்லும். மாநிலவாசிக்கு வேட்டை லைசென்ஸ் 25 டாலர், அம்பு வேட்டைக்கான கூடுதல் அனுமதி 7 டாலர், பொது நிலத்துக்கான வருட பெர்மிட் 48 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் முடித்திருக்க வேண்டும். 2019 முதல் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைக் கேள்விப்பட்டு அப்படியே பொதுக்காட்டுக்குள் போய்விடாதீர்கள், அங்கே லைசென்ஸ் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமான பதில் வேண்டியிருக்கிறது: எந்த வில் வாங்குவது? டெக்சாஸின் அம்பு வேட்டைப் பருவத்தில் கிராஸ்போவுக்கும் (துப்பாக்கி போன்ற கட்டையில் படுக்கைவாக்கில் பூட்டிய வில்) இடம் உண்டு. (எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை; ஓரிகனில் கிராஸ்போவால் வேட்டையாடவே முடியாது.) ஒரு பருவம் முழுக்க நண்பரின் கிராஸ்போவை இரவல் வாங்கிச் சுமந்த பிறகு நான் காம்பவுண்ட் வில் (நுனிகளில் கேம் எனும் சக்கரங்கள் உள்ள, கையால் இழுக்கும் வில்) வாங்கினேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். கிராஸ்போவைக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும். ஸ்கோப் இருக்கிறது, தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால் அம்பு போய்விடும். இன்றைய மாடல்கள் பலவற்றில் அம்பின் வேகம் நொடிக்கு 400 அடி. காம்பவுண்ட் வில்லில் 280, 300 அடி வந்தால் நல்ல வேகம். 70 பவுண்டு வில்லை முழுக்க இழுத்த பிறகு கேம்கள் உருண்டு 80 சதவீதச் சுமையைக் குறைத்துவிடும், கையில் நிற்பது 14 பவுண்டுதான். ஆனாலும் அந்த 70 பவுண்டைத் தாண்டித்தான் 14-க்கு வர வேண்டும். அதற்குத் தோள் பழக வேண்டும், வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

தூரக் கணக்கு இந்தக் காட்டில் அவ்வளவு முக்கியமில்லை. கிழக்கு டெக்சாஸின் பைன் காடு மேலே திறந்திருந்தாலும் கீழே யோபான் புதர் மண்டிக் கிடக்கும். மரத்தின் மேல் உட்கார்ந்தால்கூட 25 கெஜத்துக்கு அப்பால் தெளிவான சந்து கிடைப்பது அபூர்வம். கிராஸ்போ 50 கெஜம் போகும் என்பது உண்மை, அந்த 50 கெஜம் காட்டில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

நான் முடிவெடுத்தது வேறொரு காரணத்தால். பொதுக்காட்டில் பெரும்பாலான நாட்கள் அம்பே விடாமல்தான் முடியும். சுமார் 1,63,000 ஏக்கர் காடு அது. தனியார் நிலத்தில் செய்வது போல மக்காச்சோளம் கொட்டி மானை வரவழைக்க இங்கே அனுமதி இல்லை. நீங்கள் கண்டுபிடித்த ஓக் மரத்தடியை இன்னும் நாலு பேர் கண்டுபிடித்திருப்பார்கள். வந்த கிடாமான் கொம்பின் உள்ளகலம் 13 அங்குலத்துக்குக் கீழே இருந்து, இரண்டு கொம்பும் கிளை விட்டிருந்தால், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். (காதுகளை விறைத்து நிற்கும்போது காது நுனிகளுக்கு இடையே ஏறக்குறைய அவ்வளவு தூரம் இருக்கும், கொம்பு அதைத் தாண்டி நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.) பன்றிகளோ நேற்று உழுதுபோட்ட இடத்துக்கு இன்று வராது. ஆக, எது நன்றாக அம்பு விடுகிறது என்று கேட்பதைவிட, அம்பு விடாத நாளில் எது குறைவாகப் படுத்துகிறது என்று கேட்பதே சரி.

அந்தக் கேள்வியோடு ஒரு நாளைப் பாருங்கள். விடியுமுன் காரை நிறுத்திவிட்டு ஒரு மைல் நடக்கிறீர்கள். முதுகில் மரமேறும் ஸ்டாண்ட். மரத்தில் ஆணியோ திருகோ அடிக்கக் கூடாது, ஸ்டாண்டைப் பருவம் முழுக்க அங்கேயே விட்டுவைக்கவும் முடியாது என்பதால் பெரும்பாலும் அதைச் சுமந்தாக வேண்டும். கையில் கிராஸ்போ: ஸ்கோப், அம்புக்கூடு எல்லாம் சேர்ந்தால் எட்டுப் பவுண்டைத் தாண்டும், முன்பக்கம் கனம். காம்பவுண்ட் ஐந்தாறு பவுண்டு. அக்டோபர் தொடக்கத்திலும் இங்கே மதிய வெயில் 30 டிகிரியைத் தொடும், அதனால் இந்த இரண்டு மூன்று பவுண்டு வித்தியாசம் காகிதத்தில் தெரிவதைவிட முதுகில் அதிகம்.

அப்புறம் நாணேற்றுவது. கிராஸ்போவின் முன்னாலிருக்கும் வளையத்தில் காலை வைத்து, இழுகயிற்றின் கொக்கிகளை நாணில் மாட்டி, இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். இருபதடி உயர ஸ்டாண்டில் குனிந்து இதைச் செய்வது ஆபத்து. அதனால் தரையிலேயே நாணேற்றி, அம்பு வைக்காமல், கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வார்கள். அதாவது 150 முதல் 200 பவுண்டு விசை அடைபட்ட ஒரு பொருள் உங்களுக்குக் கீழே கிளைகளில் இடித்துக்கொண்டு வரும். வெற்று நாணை விடாமல் தடுக்கும் பாதுகாப்பு இப்போது பெரும்பாலானவற்றில் உண்டு, சரி. எனக்கு அந்தக் காட்சி கடைசிவரை பழகவில்லை.

இருட்டியது, எதுவும் வரவில்லை, இறங்க வேண்டும். காம்பவுண்ட் என்றால் நாணில் கோத்த அம்பை எடுத்துக் கூட்டில் செருகினால் வேலை முடிந்தது. கிராஸ்போவில் ஏற்றிய நாணை இறக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களில் அதற்கு வழி ஒன்றுதான்: கூர்முனை இல்லாத பயிற்சி அம்பு ஒன்றை வைத்துத் தரையில் விடுவது. பைன் காட்டு மண்ணுக்கடியில் வேர் இருக்கும். அம்பு பிழைத்தால் அதிர்ஷ்டம். மான்கள் நடமாடத் தொடங்கும் அதே அந்தி நேரத்தில் காடு முழுக்கக் கேட்கும்படி 'டொப்' என்று ஒரு சத்தம், நாளைக்கும் அதே மரத்துக்கு வரப்போகிற ஆளிடமிருந்து. கைப்பிடியைச் சுழற்றி நாணை மெதுவாக இறக்கும் மாடல்கள் வந்துவிட்டன, அவை உண்மையிலேயே நல்ல தீர்வு. ஆனால் அவற்றில் பலவற்றின் விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

பராமரிப்பும் இதிலிருந்துதான் வருகிறது. நாணை இரவு முழுக்க ஏற்றியே வைக்க முடியாது என்பதால், அம்பு விடாத நாளிலும் கிராஸ்போவின் நாண் ஒரு சுற்று தேய்கிறது. நாண் உரசிச் செல்லும் ரெயிலுக்கு அவ்வப்போது மசகு போட வேண்டும், நடுவில் சுற்றியிருக்கும் நூல் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காம்பவுண்ட் நாணுக்கு மெழுகு தேய்த்தால் இரண்டு மூன்று வருடம் ஓடும். மாற்றும்போது இரண்டுக்குமே பிரஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் காம்பவுண்டுக்கு உடனே செய்து தருகிறார்கள், கிராஸ்போ என்றால் கம்பெனிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். மற்ற ஊர்களில் வேறு மாதிரி இருக்கலாம்.

பன்றிக்கு வந்தால் இன்னொரு விஷயம் சேர்கிறது. பன்றி தனியாக வருவதைவிடக் குட்டிகளோடு கூட்டமாக வருவதே அதிகம், டெக்சாஸில் அதற்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது. முதல் அம்புக்குப் பிறகு கூட்டம் சிதறி, சில சமயம் குழம்பி அங்கேயே சுற்றும். காம்பவுண்டில் சில நொடிகளில் அடுத்த அம்பு கோத்துவிடலாம். மரத்தின் மேலிருந்து கிராஸ்போவில் இரண்டாவது அம்பு என்பது பேச்சுக்குத்தான். தரையில் நடந்து தேடும்போதும் அப்படியே. உறுமல் கேட்ட திசையில் காற்றுக்கு எதிராகப் புதருக்குள் நகரும்போது நாணேற்றிய கிராஸ்போவோடு ஓடை தாண்டுவதும் விழுந்த மரத்தில் ஏறுவதும் எனக்குச் சரிப்படவில்லை.

கிராஸ்போ உண்மையில் ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அது மான். வில்லை இழுக்கும் அசைவை இருபது கெஜத்தில் நிற்கும் வெள்ளைவால் மான் பார்த்துவிடும். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் வரை காத்திருந்து இழுக்க வேண்டும், அந்த மரம் பல நேரம் கிடைக்காது. கிராஸ்போவில் இந்தச் சிக்கலே இல்லை. பன்றிக்கு மூக்குதான் பலம், கண் சுமார் என்பதால் அங்கே இந்த அனுகூலம் பாதியாகிவிடும். வேகத்தால் இன்னொரு லாபமும் சொல்வார்கள். 30 கெஜத்தில் நிற்கும் மானுக்கு நாண் சத்தம் ஒரு நொடியின் 12-ல் ஒரு பங்கில் போய்ச் சேர்ந்துவிடும். 300 அடி வேக அம்புக்கு நொடியின் பத்தில் மூன்று பங்கு வேண்டும். அந்த இடைவெளியில் மான் குனிந்துவிடும். கிராஸ்போவில் இடைவெளி குறைவு, ஆனால் சத்தம் பெரிது. இரண்டும் எந்த அளவுக்கு ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன என்று சொல்லுமளவுக்கு நான் மானின் மேல் அம்பு விட்டதில்லை.

எதை வாங்கினாலும் பன்றியின் உடலமைப்பைப் படித்துவிட்டுப் போங்கள். மானுக்குக் குறி வைப்பது போல தோளுக்குப் பின்னால் வைத்தால் அம்பு குடலுக்குப் போகும். பன்றியின் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னாலும் கீழேயும் இருக்கின்றன. வயது வந்த ஆணுக்குத் தோள்மேல் கெட்டியான கவசத் தோல் வேறு. அது சற்றே அப்பால் திரும்பி நிற்கும் வரை பொறுத்து, பின்னாலிருந்து முன்னோக்கிச் சாய்வாக விடுவதே நல்லது. விரியும் பிளேடு வேண்டாம், நிலையான பிளேடு உள்ள பிராட்ஹெட் (வேட்டை அம்பின் வெட்டுமுனை), கனமான அம்பு. கொழுப்பு காயத்தை அடைத்துவிடுவதால் ரத்தத்தடம் சீக்கிரம் நின்றுபோகும், யோபானுக்குள் தேடுவது கஷ்டம். அறுக்கும்போது கையுறை கட்டாயம், பன்றியிடமிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ் என்ற நோயின் பயம் உண்டு. கறியை 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வேகவிடுங்கள்.

ரிகர்வ் வில்லைப் (நுனிகள் முன்னோக்கி வளைந்த, சக்கரமில்லாத வில்) பற்றிக் கேட்பவர்களுக்கு: அழகானது, இலேசானது, பிரஸ் தேவையில்லை. பயிற்சித் திடலில் மட்டும்தான் பிடித்திருக்கிறேன். பதினைந்து கெஜத்துக்குள் வரவைக்கும் பொறுமை இருப்பவர்களின் சமாச்சாரம் அது.

பணம். தொடக்க நிலை கிராஸ்போ செட் 300 முதல் 500 டாலர். காம்பவுண்ட் செட் 400-ல் தொடங்கி 700 வரை; பெரிய மாடல்கள் ஆயிரத்துக்கு மேலே. இரண்டின் விலையிலும் 11 சதவீத மத்திய வரி ஒளிந்திருக்கிறது, அது வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. மறுவிற்பனையில் காம்பவுண்ட் வில் அடிபடும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இழுக்கும் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். கிராஸ்போவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் இன்னும் எதையும் விற்றுப் பார்க்கவில்லை.

தோளில் அடிபட்டவர், நாற்பது பவுண்டைக்கூட இழுக்க முடியாதவர், பயிற்சிக்கு இடமே இல்லாத அபார்ட்மென்ட்வாசி: இவர்கள் கிராஸ்போவுக்கே போகலாம். பயிற்சி இல்லாத காம்பவுண்ட் வில்லாளி மானுக்குச் செய்வது கொடுமை. ஆனால் கொஞ்சம் காசு சேர்த்து, நாணைக் கைப்பிடியால் இறக்கும் மாடலாக வாங்குங்கள். மரத்தில் ஏறாமல் தரையிலேயே, முதுகுக்கு ஒரு பெரிய மரத்தடியை வைத்து, மடக்கு ஸ்டூலில் உட்காருங்கள். கட்டைவிரலை ரெயிலுக்கு மேலே தூக்காதீர்கள், நாண் அதை வெட்டிவிடும்.