நாகூருக்குக் கந்தூரியிலா, சாதாரண வியாழனிலா?

நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி நாகூர் ஆண்டவரைப் பார்க்க முதல்முறை போகிறவர்கள் கேட்பது இதைத்தான்.

கந்தூரி என்பது தர்காவின் ஆண்டு விழா; இஸ்லாமிய மாதமான ஜமாதுல் ஆகிரில், 14 நாள் நடக்கும். நிலாக் கணக்கு என்பதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும்; தேதியைக் கேட்டுக்கொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும். முதல் நாள், கப்பல் வடிவ ரதத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வரும் கொடி தர்காவின் ஐந்து மனாராக்களிலும் (கோபுரங்களிலும்) ஏறும். பத்தாம் இரவு சந்தனக்கூடு, அதாவது சந்தனம் ஏந்தி வரும் ஊர்வலம். அதுவும் நாகையில் புறப்பட்டு, இரவெல்லாம் ஊர்ந்து விடியலில் தர்காவைச் சேரும். அப்புறம் ஆண்டவரின் அடக்கத்தலமான ரவுலாவில் சந்தனம் பூசுவார்கள். இந்துக் குடும்பங்களும் பெரும் எண்ணிக்கையில் வந்து நிற்பார்கள். அந்த இரவை வாழ்வில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் தங்க இடம் கிடைப்பது கடினம், நெரிசலும் அதிகம்.

நேர்ச்சைக்குப் போகிறீர்களா? அப்படியானால் சாதாரண நாள்தான் சரி. குழந்தைக்கு மொட்டை போட்டு, குளத்தில் குளித்து, நிதானமாக துஆ (பிரார்த்தனை) கேட்கலாம். கை, கால், கப்பல் உருவம் பொறித்த தகடுகளைக் காணிக்கை செலுத்துவதையும் அருகில் நின்று பார்க்கலாம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிய பெரிய மனாராவை அண்ணாந்து பார்க்கவும் நேரம் இருக்கும். வியாழன் மாலை கொஞ்சம் கூட்டம் கூடும்; ஆனால் அதில் மூச்சு முட்டாது.

வயதான அம்மாவோடு போவதென்றால் நான் வியாழனைத்தான் சொல்வேன்.