ஒரே ஆவணத்தில் இரண்டு இடம்: வேர்டா, ரைட்டரா, கூகுள் டாக்ஸா?

80 பக்க அறிக்கை. அட்டவணை 12ஆம் பக்கத்தில், அதன் விளக்கம் 61ஆம் பக்கத்தில். ஓர் எண்ணைச் சரிபார்க்க மேலே போய், திரும்பி வந்து, எழுதிய வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் எண் மறந்துவிடும். இதற்காகவே கோப்பை நகலெடுத்துப் பக்கத்தில் திறந்துவைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு மாலை முழுக்க நகலில் திருத்திவிட்டு, திருத்தாத கோப்பை அனுப்பிய அனுபவம் எனக்கு இருக்கிறது.

வேர்டில் 'வியூ' பட்டியில் 'ஸ்பிளிட்' இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். திரை மேல், கீழ் என இரண்டாகும். இரண்டும் ஒரே கோப்புதான் என்பதால் எதில் திருத்தினாலும் சரி. மேலே அட்டவணையை 70 சதவீதத்துக்குச் சுருக்கி நிறுத்திவிட்டு, கீழே 100இல் எழுதலாம். மேலே உள்ள பத்தியைப் பிடித்து இழுத்துக் கீழே போடலாம். நடுக்கோட்டை டபுள் கிளிக் செய்தால் பழையபடி ஒரே திரை. ஆனால் இடம், வலமாகப் பிரிக்க முடியாது. லேப்டாப் திரையில் ஒவ்வொரு பாதிக்கும் சில வரிகளே மிஞ்சும்.

அகலத் திரை இருந்தால் 'நியூ விண்டோ'தான் என் தேர்வு. அதே கோப்பு இரண்டாவது சாளரத்தில் திறக்கும். பெயரோடு 1, 2 என்று எண் சேரும். 'வியூ சைட் பை சைட்' கொடுத்தால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அப்புறம் 'சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்'கை மறக்காமல் அணையுங்கள். இல்லையென்றால் ஒன்றை உருட்டும்போது மற்றதும் கூடவே ஓடும்.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பில், கணக்கு அட்டவணைகளுக்கான கால்க்கில் திரையைப் பிரிக்கலாம், ஆவணம் எழுதுவதற்கான ரைட்டரில் அது இல்லை. நீண்ட கட்டுரை எழுதுபவர்களுக்கு இது பெரிய குறை. 'விண்டோ' பட்டியின் 'நியூ விண்டோ'வும் எஃப்5 அழுத்தினால் தலைப்புகளைப் பட்டியலிட்டு வரும் நேவிகேட்டரும் ஓரளவு ஈடுகட்டுகின்றன. நேவிகேட்டரில் தலைப்பை மேலே நகர்த்தினால் அதன் கீழுள்ள பகுதி முழுவதும் நகரும்.

கூகுள் டாக்ஸிலும் பிரிக்கும் வசதி கிடையாது. அதே ஆவணத்தைப் பிரவுசரின் இரண்டு சாளரங்களில் திறப்பதே வழி. ஒன்றில் அடித்தது இணையம் வழியாகச் சுற்றித்தான் மற்றதில் தெரியும். இணைப்பு மந்தமாக இருந்தால், மற்ற சாளரத்தில் திருத்தம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே அங்கே கை வையுங்கள்.