பழைய திங்க்பேட் டி480: கோட் எழுதுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்

எங்கள் அலுவலகம் கிளிநொச்சியில். நாலு பேர் கோட் எழுதுகிறோம். போன வருடம் பளபளவென்று மெல்லிய புது லப்டொப் ஒன்று வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டோம்: 8 ஜிபி றாம், அதுவும் போர்டோடு பற்றவைத்தது, கூட்ட வழியே இல்லை. ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ, எமுலேட்டர், டொக்கர், குரோம் எல்லாம் ஒன்றாகத் திறந்தால், மௌஸை ஒருக்கால் அசைத்துவிட்டுப் போய் பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம்.

பிறகுதான் பாவித்த லெனோவோ திங்க்பேட் டி480 லப்டொப் பக்கம் போனோம். 2018 மொடல். றாமுக்கு இரண்டு ஸ்லொட், பின்மூடியைக் கழற்றி 16 ஜிபி இரண்டு போட்டோம், பிரச்சினை தீர்ந்தது. (டி480எஸ் வேறு, அதில் ஒரு பகுதி றாம் போர்டோடுதான் இருக்கும்.)

எனக்குப் பிடித்தது பற்றறி. உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று. கரண்ட் போன மத்தியானத்தில் பின்னால் இருப்பதைக் கழற்றி இன்னொன்றைக் கொளுவினேன், மெஷின் அணையவில்லை, கோட் செயலியாக மாறும் பில்ட் வேலை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 72 வாட் அவர் பற்றறி போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பார்க்க வடிவில்லைதான், இருக்கட்டும்.

வாங்கும்போது கவனம். இதே டி480 ஏழாம் தலைமுறை பிராசசரோடும் வந்திருக்கிறது, வவுனியாவில் ஒரு கடைத் தம்பி "எல்லாம் ஒண்டுதான் அண்ணை" என்று அதைத்தான் நீட்டினார். ஒன்றில்லை. ஏழாம் தலைமுறை ஐ5இல் இரண்டு கோர், எட்டாம் தலைமுறை ஐ5இல் நாலு. விண்டோஸ் 11க்கு முறையான ஆதரவும் எட்டுக்குத்தான், விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. ஸ்டிக்கரை நம்பாமல் சிஸ்டம் விபரத்தைத் திறந்து, ஐ5க்குப் பிறகு வரும் எண் 8இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். திரை 1366க்கு 768 என்றால் வேண்டாம், கோட் எழுதும் ஜன்னலையும் கட்டளை அடிக்கும் டெர்மினலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் போதாது. அப்புறம், தண்டர்போல்ட் துளையை இயக்கும் உள்மென்பொருளின் (ஃபர்ம்வேர்) பழைய பதிப்பில் யூஎஸ்பி-சி சார்ஜிங்கே நின்றுபோகக்கூடிய பிழை உண்டு, அதற்கான திருத்தத்தை லெனோவோ வெளியிட்டிருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள்.

கோடைப் புழுதிக்கு ஃபேனையும் இடைக்கிடை திறந்து பிரஷ்ஷால் தட்ட வேண்டும், கடைசியாகத் திறந்தபோது உள்ளே செம்மண் படையாகப் படிந்திருந்தது.

அந்தப் பளபளப்பு லப்டொப் இப்போது கணக்குப் பார்க்கிற அக்காவின் மேசையில். அவருக்கு எக்செல் மட்டும்தான், நல்லாத்தான் ஓடுகிறதாம்.