உணவு லேபிள் தீர்மானத்தை எந்த வகையில் போடுவது? நேஷன்ஸ்டேட்ஸ் வரைவாளர்களுக்கு ஓர் அலசல்

ஆடாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. நேஷன்ஸ்டேட்ஸ், ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பாரி தன் நாவலுக்கு விளம்பரமாக 2002 நவம்பரில் தொடங்கிய இணைய அரசியல் விளையாட்டு. ஆளுக்கொரு கற்பனை நாடு. விருப்பமிருந்தால் வேர்ல்டு அசெம்பிளி என்ற உலகப் பேரவையில் சேரலாம். முதலில் அதற்கு ஐக்கிய நாடுகள் என்றுதான் பெயர், நிஜ ஐ.நா. ஆட்சேபம் தெரிவித்த பிறகு 2008-இல் பெயரை மாற்றினார்கள். பேரவையில் உறுப்பினர்களே சட்டம் எழுதுகிறார்கள். நாடுகள் குழுவாகச் சேர்ந்திருக்கும் பிராந்தியங்களின் பிரதிநிதிகளில் 6 சதவீதம் பேர் ஒப்புதல் தந்தால் தீர்மானம் வாக்கெடுப்புக்கான வரிசையில் நிற்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் இரவு பகலாக உட்கார்ந்து எழுதிய உரையை விளையாட்டின் நிரல் படிப்பதே இல்லை. தீர்மானத்தைப் பதியும்போது ஹெல்த், ஃப்ரீ டிரேட் போன்ற பட்டியலிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுத்த வகை என்ன, அதன் வலிமை அல்லது உட்பிரிவு என்ன என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். தீர்மானம் நிறைவேறிய நொடியில் அத்தனை உறுப்பு நாடுகளின் புள்ளிகளும் அந்தத் தேர்வின்படி நகரும். அதனால்தான் உரையும் வகையும் பொருந்த வேண்டும் என்று விதி இருக்கிறது. பொருந்தாவிட்டால், சட்டப் பொருத்தத்தைப் பார்க்கும் ஆட்டக்காரர் குழு அதைச் செல்லாது என்று தள்ளிவிடலாம். தப்பித்து நிறைவேறிவிட்டாலும் பிறகு திருத்தம் கொண்டுவர வழியில்லை. முழுதாக ரத்து செய்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதுதான்.

உணவு லேபிள் தீர்மானங்கள் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. ஒரு பொட்டலத்தின் பின்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். சத்துப்பட்டியல், ஒவ்வாமைக் குறிப்பு, காலாவதித் தேதி, எந்த நாட்டில் விளைந்தது என்ற தகவல், ஒரு பச்சை இலைச் சின்னம். ஐந்தும் லேபிள்தான். ஆனால் ஐந்துக்கும் வேலை வேறு. “உணவு என்றால் ஹெல்த்” என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான் புது வரைவாளர்கள் செய்யும் முதல் தவறு. நானும் செய்திருக்கிறேன்.

ஹெல்த்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் உட்பிரிவுகள் மருத்துவச் சேவை, சர்வதேச உதவி, உயிரியல் நெறிமுறை, ஆராய்ச்சி. பட்டியலைப் படித்தாலே விஷயம் புரிந்துவிடும்: அரசு தன் கையிலிருந்து செலவு செய்யும் காரியங்களுக்கான வகை இது. லேபிள் சட்டத்தில் அரசு மருத்துவமனை கட்டுவதில்லை, மருந்து வாங்குவதில்லை. அச்சுக்கூலி உற்பத்தியாளருடையது. ஆகவே “மக்கள் நலம் பேண” என்று முகவுரையில் பத்து முறை எழுதினாலும் ஹெல்த் பொருந்தாது. இலக்கணமாகச் சொன்னால், முகவுரையில் வருவது எழுவாய். வகையைத் தீர்மானிப்பது பயனிலை. யார் மீது கட்டளை விழுகிறது, அவர் என்ன செய்தாக வேண்டும் என்று செயல்பாட்டுப் பிரிவுகளை மட்டும் படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்படிப் படித்தால் பெரும்பாலான லேபிள் சட்டங்கள் போய் நிற்கும் இடம் ரெகுலேஷன், அதாவது ஒழுங்குமுறை. விளையாட்டில் பின்னால் சேர்ந்த வகை இது. அதில் நமக்கு வேண்டிய உட்பிரிவுகள் இரண்டு: நுகர்வோர் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு. உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் நடுவில்தான்.

வித்தியாசத்தைப் பிடிக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதியைப் போல நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதில் இரண்டு விதமான தேதிகள் இருக்கின்றன. “இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்” என்பது ஒன்று. அந்த நாள் தாண்டினால் அந்த உணவு பாதுகாப்பற்றது என்றே சட்டம் கருதும். “இந்தத் தேதிக்கு முன் சிறந்தது” என்பது இன்னொன்று. அது தரம் பற்றிய வாக்குறுதி. தேதி தாண்டினால் மொறுமொறுப்பு போகலாம், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே மை, ஒரே பொட்டலம், இரண்டுமே தேதி. ஆனால் முதல் தேதியைக் கட்டாயமாக்கும் தீர்மானம் பொதுப் பாதுகாப்பில் போக வேண்டும். இரண்டாவது நுகர்வோர் பாதுகாப்பில். லேபிளைப் பார்க்காமல் விட்டவருக்கு என்ன ஆகும்? உடம்புக்கு உடனே ஆபத்தா, காசும் நம்பிக்கையும் போகிறதா? இந்தக் கேள்வியைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

அந்த அளவுகோலில் ஒவ்வாமைக் குறிப்பு சந்தேகமே இல்லாமல் பொதுப் பாதுகாப்பு. வேர்க்கடலை ஒவ்வாத ஒருவருக்கு அந்த ஒரு வரி உயிர்ப் பிரச்சினை. அதே 1169/2011 விதி 14 ஒவ்வாமைப் பொருள்களை எடுத்துக்காட்டி அச்சிடச் சொல்கிறது. அமெரிக்காவில் எட்டாக இருந்த பட்டியல், 2023 ஜனவரி 1 முதல் எள் சேர்ந்து ஒன்பதானது. இந்த எண் வேறுபாடு வரைவாளருக்கும் ஒரு பாடம். எந்தப் பொருள்கள் என்று தீர்மானத்திலேயே அடுக்கினால், நாளைக்கு ஒன்றைச் சேர்க்க முழுத் தீர்மானத்தையும் ரத்து செய்ய வேண்டிவரும். பட்டியலை ஒரு குழுவிடம் விட்டுவிட்டு, அச்சிடும் கடமையை மட்டும் நாடுகள் மீது சுமத்துவது புத்திசாலித்தனம்.

சத்துப்பட்டியல் அவ்வளவு சுலபமாக அடங்காது. சர்க்கரை எத்தனை கிராம் என்று தெரியாமல் ஒரு பிஸ்கட் சாப்பிட்டால் யாரும் அன்றே மயங்கி விழுவதில்லை. பத்து வருடத்தில் விளைவு தெரியலாம். “நீரிழிவு உயிரைக் கொல்லாதா?” என்று கேட்டு இதையும் பொதுப் பாதுகாப்பில் போட வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பட்டியல் தருவது தகவல், தீர்ப்பு வாங்குபவருடையது. அது நுகர்வோர் பாதுகாப்பு. 1990-இல் அமெரிக்கா பொட்டல உணவுகளுக்குச் சத்துப்பட்டியலைக் கட்டாயமாக்கிய சட்டமும் இந்த மாதிரிதான்: நிறுவனம் உண்மையைச் சொல்லட்டும், மிச்சத்தை வாங்குபவர் பார்த்துக்கொள்வார்.

சிலி நாட்டுச் சட்டம் இன்னொரு படி மேலே போனது. 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி ஆகியவை வரம்பு மீறினால் பொட்டலத்தின் முகப்பில் கறுப்பு எண்கோணம். அத்தோடு நிற்கவில்லை. எண்கோணம் வாங்கிய பொருளைப் பள்ளியில் விற்கக் கூடாது, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. இதைப் பேரவைத் தீர்மானமாக எழுதினால் அது எந்த வகை? லேபிள் பகுதியை மட்டும் பார்த்தால் நுகர்வோர் பாதுகாப்பு. விற்பனைத் தடை சேர்ந்ததும் தகவல் சட்டம் என்ற நிலை தாண்டிப் போகிறது. இங்கேதான் சிலர் மாரல் டீசென்ஸியை, அதாவது ஒழுக்கநெறி வகையை இழுப்பார்கள். நல்ல நோக்கத்துக்காகக் குடிமக்களின் தனிச் சுதந்திரத்தைக் குறைப்பது அந்த வகையின் சாரம். ஆனால் சிலி சட்டம் சாப்பிடுபவரைத் தடுக்கவில்லை, விற்பவரைத்தான் தடுக்கிறது. கட்டுப்பாடு வணிகத்தின் மீதுதான் விழுகிறது என்றால் ரெகுலேஷனை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. வாங்குபவருக்கே தடை போடும் பிரிவு ஒன்று உள்ளே வந்தால், அன்றைக்கு அது லேபிள் சட்டமே இல்லை. இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த சண்டைக்கு வருவோம்: ரெகுலேஷனா, ஃப்ரீ டிரேடா?

கேட்டவுடன் சிரிப்பு வரும். ஒன்று வணிகத்தைக் கட்டுப்படுத்துவது, மற்றது வணிகத் தடைகளைக் குறைப்பது. லேபிள் கட்டாயம் எப்படித் தடையற்ற வணிகம் ஆகும்? நிஜ உலகம் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி மீது விலங்கு எங்கே பிறந்தது, வளர்ந்தது, வெட்டப்பட்டது என்று போடச் சொன்ன அமெரிக்கச் சட்டத்தை எதிர்த்துக் கனடாவும் மெக்சிகோவும் உலக வணிக அமைப்புக்குப் போயின. இறக்குமதி விலங்குகளைத் தனியாகப் பிரித்துக் கணக்கு வைக்கும் செலவே ஒரு மறைமுகத் தடை என்பது அவர்கள் வாதம். அவர்கள் ஜெயித்தார்கள். 2015 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த இரண்டு இறைச்சிகளுக்கும் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆக, பிறப்பிட லேபிளை ஃப்ரீ டிரேடில் போட நினைப்பவர் தலைகீழாக நிற்கிறார்.

மறுபக்கம் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963-இல் அமைத்த ஆணையம் உருவாக்கும் உணவுத் தர நூல் அது. பொட்டல உணவு லேபிளுக்கும் அதில் பொதுத் தரம் உண்டு. நுகர்வோர் நலத்தோடு நியாயமான உணவு வணிகமும் அதன் குறிக்கோள். ஐம்பது நாட்டுக்கு ஐம்பது விதமாக அச்சடிக்கும் ஏற்றுமதியாளருக்கு ஒரே மாதிரி லேபிள் என்றால் தடை குறைகிறதா, கூடுகிறதா? நிச்சயமாகக் குறைகிறது.

அப்படியானால் ஒரே தலைப்பில் இரண்டு தீர்மானம் எழுதலாம். “உறுப்பு நாடுகள் எல்லா உணவுப் பொட்டலத்திலும் இன்னின்ன தகவலைக் கட்டாயமாக்க வேண்டும்” என்றால் ரெகுலேஷன். “பேரவைத் தரப்படி லேபிள் ஒட்டிவந்த பொருளை, வேறு லேபிள் கேட்டு எந்த உறுப்பு நாடும் எல்லையில் நிறுத்தக் கூடாது” என்றால் ஃப்ரீ டிரேட். இரண்டாவது தீர்மானத்தில் கட்டளை விழுவது கம்பெனி மீது இல்லை, எல்லையில் இருக்கும் சுங்கத்துறை மீது. இரண்டையும் ஒரே உரையில் கலந்தால்தான் வம்பு. எது கனம் கூடுதல் என்று ஒவ்வொரு பிரிவாக எடைபோட வேண்டிவரும், எதிர்ப்பாளர்களும் அங்கேதான் கொக்கி போடுவார்கள்.

சிவில் ரைட்ஸ், அதாவது குடிமை உரிமைகள் வகைக்கு ஆதரவாளர்கள் ஒரு முழக்கத்தோடு வருவார்கள்: “என்ன சாப்பிடுகிறோம் என்று அறியும் உரிமை.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் அது எப்போதும் எடுபடுவதில்லை. செயற்கை வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கப்பட்ட மாடுகளின் பாலுக்கு லேபிள் கேட்ட வெர்மான்ட் மாநிலச் சட்டத்தை 1996-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது. வாங்குபவரின் ஆவல் மட்டும் போதாது, நிறுவனத்தைக் கட்டாயப்படுத்திப் பேசவைக்க அதைவிட வலுவான காரணம் வேண்டும் என்பது அதன் நிலை. தகவல் கேட்கும் உரிமை ஒருவருக்கு என்றால் வாய் மூடியிருக்கும் உரிமை இன்னொருவருக்கு. இரண்டும் மோதும் இடத்தில் “உரிமைகள் கூடுகின்றன” என்று புள்ளிகளை ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. குடிமகன் நேரடியாக வழக்குப் போடும் உரிமையைத் தீர்மானம் தந்தால் யோசிக்கலாம். வெறும் அச்சுக் கட்டளைக்கு இந்த வகை அளவுக்கு மீறிய ஆடை.

சுற்றுச்சூழல் வகை இன்னும் சுருக்கமாக முடியும். பச்சை இலைச் சின்னம் ஒட்டுவதால் காடு வளர்வதில்லை. டால்ஃபின்களுக்குத் தீங்கில்லாமல் பிடித்த சூரை மீனுக்கான அமெரிக்க லேபிள் போல, எப்படிப் பிடித்தால் அந்த முத்திரை கிடைக்கும் என்று மீன்பிடி முறையையே சட்டம் வரையறுத்தால் விவாதிக்க இடமுண்டு. சோஷியல் ஜஸ்டிஸ் வருமான ஏற்றத்தாழ்வுக்கான வகை. அதைக் கொண்டுவந்து இங்கே சேர்க்க முயன்றவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

இதுவரை சிலி, கனடா, கோடெக்ஸ் என்று சொன்னேனே, இதில் ஒன்றையும் தீர்மான உரையில் எழுதிவிடாதீர்கள். பேரவையில் நிஜ உலகக் குறிப்புகளுக்குத் தடை. அந்த ஒரு காரணத்துக்கே தள்ளிவிடுவார்கள். உதாரணங்கள் உங்கள் தலைக்குள் இருக்கட்டும். அப்புறம், “விரும்பும் நாடுகள் பின்பற்றலாம்” என்று தீர்மானத்தை விருப்பத்துக்கு விடுவதும் விதிமீறல். பரிந்துரைத் தொனி வேண்டுமென்றால் “ஊக்குவிக்கிறது” போன்ற மென்மையான வினைகளைப் பயன்படுத்தலாம்.

இப்போதைக்கு என் கையில் இருக்கும் வரைவு ஒவ்வாமையும் சத்துப்பட்டியலும் சேர்ந்தது. ஒவ்வாமைக்கு நான்கு பிரிவுகள், சத்துக்கு இரண்டு. கனம் எந்தப் பக்கம் என்று பார்த்து, ரெகுலேஷன், பொதுப் பாதுகாப்பு என்று பதிய இருக்கிறேன். சத்துப்பட்டியல் பிரிவுகள் இரண்டையும் வெட்டித் தனித் தீர்மானமாக்கினால் இன்னும் சுத்தமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் பிரதிநிதிகளிடம் இரண்டு முறை கையேந்த வேண்டும். அதற்குத்தான் இன்னும் மனசு வரவில்லை.