சந்தை விழும்போது வாங்க நிஃப்டி பீஸ்: என் அனுபவம்

நிஃப்டி பீஸ் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள், அதிலும் சந்தை சிவப்பாகும்போதெல்லாம். 2019 கடைசியிலிருந்து இதை மட்டும்தான் சரிவுகளில் வாங்குகிறேன், அதனால் சொல்கிறேன்.

பெரிய 50 நிறுவனங்களின் பங்குகளை வைத்துக் கணக்கிடும் குறியீடு நிஃப்டி. அந்த 50 பங்குகளையும் ஒரே யூனிட்டாக வாங்கும் இடிஎஃப், அதாவது பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட் இது. இந்தியாவின் முதல் இடிஎஃப், 2001 டிசம்பரில் வந்தது, இப்போது நிப்பான் இந்தியா நடத்துகிறது. யூனிட் விலை நிஃப்டியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு என்பதால் ஐந்நூறு ரூபாய் இருந்தாலும் தொடங்கலாம். சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் எந்த நேரம் பணம் போட்டாலும் நாள் முடிவு விலைதான். இதில் காலை 11 மணிக்கு விழுந்தால் 11 மணி விலைக்கே கிடைக்கும், சரிவில் வாங்க நினைப்பவர்களுக்கு இதுதான் முக்கியம்.

என் கணக்கு, உச்சத்திலிருந்து ஒவ்வொரு 5% சரிவுக்கும் கையிருப்புப் பணத்தில் கால் பங்குக்கு வாங்குவது. 2020-இல் அது என்னையே சரியாக உதைத்தது. மார்ச் 12-க்குள்ளேயே 20% விழுந்து நாலு பங்கும் தீர்ந்துவிட்டது. 23ஆம் தேதி காலை 10% விழுந்து வர்த்தகம் 45 நிமிடம் நின்று, திறந்த பிறகும் விழுந்து, கடைசியில் 13% இறங்கி நிஃப்டி 7,610-இல் முடிந்தபோது என் கணக்கில் வாங்கப் பணமே இல்லை, வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் விற்கவில்லை. அடிமட்டம் வரட்டும் என்று காத்திருந்த என் நண்பர் ஒருவர் அன்றைக்கும் வாங்கவில்லை, ஏப்ரலிலும் வாங்கவில்லை, நவம்பர் 9-இல் நிஃப்டி புது உச்சத்தில் முடிந்தபோதும் இன்னொரு சரிவுக்குக் காத்திருந்தார். இதைப் பார்த்த பிறகு அடிமட்டத்தைப் பிடிக்கும் ஆசையே எனக்கு விட்டுப்போனது.

குறைகளும் உண்டு. பீதி நாளில் மார்க்கெட் ஆர்டர், அதாவது கிடைக்கிற விலைக்கு வாங்கும் ஆர்டர், போடவே போடாதீர்கள். வாங்கும் விலைக்கும் ஐஎன்ஏவி என்கிற உண்மை மதிப்புக்கும் இடைவெளி விழும், எனக்கும் ஒருமுறை கூடுதல் விலைக்குக் கிடைத்தது. இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டர் மட்டும் போதும். அப்புறம் புரோக்கர் ஆப். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள், நிஃப்டி கிட்டத்தட்ட 6% விழுந்தது, நான் வைத்திருந்த ஆப்பில் உள்ளேயே போக முடியவில்லை, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றே நாளில் சந்தை பழைய இடத்துக்கு வந்துவிட்டது!

அதற்குப் பிறகு, குறித்த விலை வந்ததும் தானாகக் கிளம்பும் ஜிடிடி ஆர்டர்களை முன்கூட்டியே போட்டு வைக்கிறேன். 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து 2025 மார்ச் தொடக்கத்துக்குள் 15% இறங்கியபோது மூன்றும் தானாகவே நிறைவேறின, நான் அலுவலகத்தில் இருந்தேன்.

மாதாமாதம் சும்மா போட்டுவிட்டு மறக்க விரும்புகிறவர்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்டே வசதி, டீமேட் கணக்கும் வேண்டாம். சரிவில் வாங்கத் தனியாகப் பணம் ஒதுக்கியிருப்பவர்களுக்கு என்றால் நிஃப்டி பீஸுக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன். கையிருப்பை இப்போது ஐந்தாகப் பிரிக்கிறேன், கடைசிப் பங்கை 30% சரிவு வரும்வரை தொடுவதில்லை.