அரசு சேவை: கைபேசியிலா, உதவி மையத்திலா?

ஒரு சான்றிதழ் வேண்டும். கைபேசியில் நாமே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் உதவி மையத்துக்குப் போய்ப் பணியாளரிடம் சொல்லிப் பதியலாம்.

கைபேசியில் அலைச்சல் மிச்சம், ராத்திரி பதினொரு மணிக்கும் வேலை முடியும். புதுப்பித்தல், கட்டணம் செலுத்துதல் போன்றவற்றுக்கு இதுவே போதும்.

சிக்கல் வந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஓர் ஆவணத்தில் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். படிவம் 'பொருந்தவில்லை' என்று சிவப்பில் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். மையத்தில் இருப்பவரோ இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதை முதலில் திருத்த வேண்டும் என்று சொல்லிவிடுவார். முதல் பதிவு, பெயர் மாற்றம், ஓய்வூதியம் என்றால் நான் மையத்துக்குத்தான் போகச் சொல்வேன். ஆனால் அங்கே கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையும் (ஓடிபி) அடுத்தவர் கையில் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே தட்டுங்கள்.

எஸ்டோனியா 2001-இல் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பைத் தொடங்கியது. அதன் வழியாக அரசுத் துறைகள் தகவலைத் தங்களுக்குள்ளேயே பரிமாறிக்கொள்கின்றன. இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், ஒரே தாளைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வழியும் சுலபமாகும்.

டென்மார்க் 2014-இல் அரசுக் கடிதங்களை மின்வழியில் பெறுவதைக் கட்டாயமாக்கியபோதும், முடியாதவர்கள் விலக்குக் கேட்க இடம் வைத்தது. இணையதளம் வந்துவிட்டது என்று மையத்தை மூடினால், திரையைப் படிக்க முடியாத பாட்டி யாரிடம் போவார்?